நாலு இருபது வெளிச்சம்

வெயிலக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அறையில் நாற்காலி இல்லாமலில்லை. ஆனால் அது படத்தில் நடிக்கிற நாற்காலி. அதன் நாலு காலுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார்கள். யாராவது அதில் உட்கார்ந்து ஒரு விரல்கடை நகர்த்திவிட்டால் முதலில் கத்துகிறவளே அவள்தான். அதனால் நாற்பத்தெட்டு வயது முழங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா" என்று கீழே இறங்கினாள்.

வெயிலக்கா என்பது யூனிட் வைத்த பேர். காலையில் வந்து இறங்கியதும் எல்லாரும் டீயைத் தேடினால் அவள் வானத்தைத் தேடுவாள். கேமராவுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். இந்தப் படத்தில் ஒரு பல்புகூடப் போடமாட்டேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள். பாவம் லைட்மேன் அண்ணன். லைட்டே இல்லாத படத்துக்கு லைட்மேனாக வந்து, நாற்பத்தோரு நாளாக வெளிச்சத்தை மறைக்கக் கறுப்புத்துணி கட்டுவதும் அவிழ்ப்பதும், தெர்மோகோல் அட்டையைத் தூக்கிக்கொண்டு கால் கடுக்க நிற்பதுமாக இருக்கிறார். "என் பொண்ணு கேக்குறா, அப்பா நீ லைட்மேனா துணிக்கடையான்னு" என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வயதான அம்மா, ஒரே அறை, வராத மகன். படம் முழுக்க ஜன்னல் வழியாக வரும் சாம்பல் நிற வெளிச்சம்தான். கடைசிக் காட்சியில் மட்டும் ஒரு துண்டு வெயில் உள்ளே வருகிறது. சுவரில் விழுந்து, மெல்ல ஒரு முழம் நகர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் முகத்துக்கு வருகிறது. அவள் முகத்தைத் திருப்பி அதை வாங்கிக்கொள்கிறாள். எழுந்து போய், மகனுக்காக இத்தனை நாளும் திறந்தே கிடந்த கதவைச் சாத்துகிறாள். படம் முடிந்தது. முதல் படம் எடுக்கிற டைரக்டர் இதைச் சொன்னபோது வெயிலக்கா யோசிக்காமல் சரி என்றாள். அந்த வெயிலுக்கு ஏற்ற ரூமைத் தேடி ஊரெல்லாம் அலைந்து இதைப் பிடித்தாள். ஷூட்டிங்குக்கு முன்னால் நாலு நாள் இதே தரையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள். நாலு இருபதுக்கு வருகிறது. ஒன்பது நிமிஷம் இருக்கிறது. போகிறது. நாலு நாளும் ஒரே மாதிரி, சொல்லிவைத்தாற்போல.

இப்போது, கடைசிக் காட்சிக்கு வந்த பிறகு, மூன்று நாளாக அந்த வெயில் வரவே இல்லை.

மேகம் இருந்திருந்தால் மேகத்தைத் திட்டலாம். வானம் துடைத்துவிட்ட பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. தெருவில் வெயில் காய்கிறது. இந்த அறைக்குள் மட்டும் ஒரு பொட்டு இல்லை. மூன்று நாளும் நாலு இருபதுக்குப் பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து (அவர்தான் அம்மாவாக நடிக்கிறவர், எல்லாருக்கும் பெரியம்மா), கேமராவை ஓடவிட்டு, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்து, கடைசியில் டைரக்டர் செத்த குரலில் "கட்" சொல்லியாயிற்று.

இன்று காலையில் மேனேஜர் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்: "இன்னைக்கு ஒரு நாள்தான். நாளைக்கு லைட் வண்டி வருது. கூடவே வேற ஒரு கேமராமேனும் வர்றார். ஜன்னலுக்கு வெளிய பெரிய லைட்டா ஒண்ணைத் தூக்கிக் கட்டி, அரை மணியில முடிச்சிடுவாராம். தயாரிப்பாளர் முடிவு பண்ணிட்டார். என்னைக் கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ளத் தெம்பு இருந்தால்தானே. நாற்பத்தோரு நாளாக ஐந்து மணிக்கு எழுந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு நிழலாகப் பார்த்து எடுத்த படம். அதன் கடைசி முகத்தை வேறு எவனோ வந்து, அரை மணியில், விளக்கைத் தட்டி எடுத்துவிட்டுப் போவான்.

மணி மூன்று. தரையில் உட்கார்ந்தபடி, முன்பு போனில் எடுத்துவைத்த வீடியோவை நூறாவது தடவையாக ஓட்டினாள். அதோ சுவர், அதோ வெயில். ஒரு சின்ன நடுக்கத்தோடு, யாரோ மூச்சு விடுவது மாதிரி லேசாக அசைகிற வெயில். அந்த நடுக்கத்துக்காகத்தான் மற்ற ரூம்களையெல்லாம் வேண்டாமென்று இதைப் பிடித்தாள்.

லைட்மேன் அண்ணன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னக்கா வெயில் இப்படி ஆடுது? காய்ச்சலா?"

வெயிலக்கா சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வெயில் எங்கேயாவது ஆடுமா? மரக்கிளை இருந்தால் ஆடும். ஜன்னலுக்கு வெளியே மரம் ஏது? திரை ஏது? அவள் சுவரைப் பிடித்து எழுந்து, போனில் திசைகாட்டியைத் திறந்து, ஜன்னலுக்கு நேராக நீட்டினாள்.

வடக்கு.

ஜன்னல் சுத்தமாக வடக்கைப் பார்த்து நின்றது. இந்த மாதத்தில், சாயங்காலத்தில், வடக்கு ஜன்னல் வழியாக வெயில் வரவே வராது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்கிற பாடம் இது: ரூமுக்குள் போனதும் திசையைப் பார். அவளும்தான் எத்தனை உதவியாளர்களை இதற்காகத் திட்டியிருக்கிறாள்! இங்கே வந்த அன்றைக்கு அறைக்குள் நுழையும்போதே வெயில் சுவரில் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் வந்தவரைப் போய் எந்த ஊர் என்று கேட்பானேன் என்று விட்டுவிட்டாள்.

"அண்ணே, நான் ஒரு மடச்சி" என்றாள்.

"சும்மா சொல்லாதீங்கக்கா."

"சத்தியமா. அது வெயிலே இல்லண்ணே. எங்கிருந்தோ கண்ணாடியில பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம்."

இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். எதிரே, குறுகலான தெருவைத் தாண்டி, அதே உயரத்தில் ஒரு வீடு. பழைய மரச்சட்டம் போட்ட கண்ணாடி ஜன்னல், சாத்திக் கிடந்தது. அது பாதி திறந்து நின்றால், மேற்கேயிருந்து தெருவோடு வருகிற வெயிலை வாங்கி நேராக இந்த அறைக்குள் திருப்பிவிடும். காற்றில் கதவு ஆடினால் வெயிலும் ஆடும்.

"நாலு நாளும் அது திறந்திருந்துச்சு. இப்ப ஏன் மூணு நாளா மூடியே கெடக்கு?" என்றார் லைட்மேன் அண்ணன்.

அறையின் மூலையில் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த சவுண்டு தம்பி தலையைத் தூக்கினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான்க்கா மூடச் சொன்னேன். கடைசிக் காட்சி முழுக்க அமைதின்னு டைரக்டர் சொன்னாரு. ஷூட்டிங்ல பதிவாகற சத்தத்தையே வெச்சுக்கப் போறோம்னாரு. அதான் எதிர்வரிசை பூரா வீடு வீடா ஏறி, கையெடுத்துக் கும்பிட்டு, மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் ஜன்னலை மூடி வெய்ங்கன்னு கேட்டுக்கிட்டேன். எல்லாரும் தங்கமா ஒத்துக்கிட்டாங்க." கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தான். "நல்லதுன்னு நெனச்சுத்தான்க்கா…"

அவனைத் திட்ட என்ன இருக்கிறது? காதுக்காரன் காதைப் பார்த்தான், கண்ணுக்காரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக நாமே நம் வெளிச்சத்தை மூடிவைத்துவிட்டு வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்திருக்கிறோமே என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முழங்காலை மறந்து படியிறங்கினாள்.

எதிர்வீட்டம்மாவுக்கு அறுபது இருக்கும். கதவைத் திறந்ததும் "ஐயோ, சத்தம் வந்துடுச்சா? நாங்க மூச்சுக்கூட விடலையேம்மா" என்றார்.

உள்ளே போனதும் வெயிலக்காவுக்கு முகத்தில் அனல் அடித்தது. மேற்கு வெயில் சுட்ட சுவர், மூடிய ஜன்னல், ஒற்றை மின்விசிறி. கட்டிலில் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் வீட்டுக்காரர். முன்னாள் பஸ் டிரைவர். அகலமான தோள், அதன்மேல் சட்டை தொங்கியது. ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார்.

"நுரையீரல்" என்றார் அம்மா. "மத்தியானம் சூடு ஏறிட்டா இவருக்கு இழுக்க ஆரம்பிச்சிடும். நாலு மணிக்கு ஜன்னலைத் திறந்தாத்தான் கொஞ்சம் நிம்மதி. இந்த மூணு நாளா உங்களுக்காகப் பொறுத்துக்கிட்டாரு. திறந்துடறேன்னா விடமாட்டேங்கறாரு. நம்ம தெருவுல சினிமா எடுக்கறாங்க, நம்மாலே கெட்டுப்போகக் கூடாதுங்கறாரு."

ஒரு மனுஷனின் காற்றை மூன்று நாளாக அடைத்துவைத்திருக்கிறோம். அதுகூடத் தெரியாமல், வெயில் வரவில்லையே என்று நெற்றியில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றாள். "தெரியாமப் போச்சு."

"அட, போகட்டும்மா" என்றார் அவர், இரண்டு மூச்சுக்கு நடுவில். "இப்ப என்ன வேணும், சொல்லுங்க."

அவள் சொன்னாள். அவருக்கு ஒரே குஷி. ஜன்னலில் ஒரு கதவுதான் திறக்கும், இன்னொன்று பெயின்ட் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்காக அசைவதில்லை. திறக்கிற கதவுக்கும் கொக்கி போயாயிற்று. அதனால் அவருடைய கைத்தடியைக் குறுக்கே கொடுத்து, சட்டத்தில் இருக்கிற ஒரு பள்ளத்தில் அதன் நுனியை நிறுத்துவார்களாம். தினம் அதே பள்ளம். அதனால்தான் தினம் ஒரே வெயில்.

"நாலு மணிக்கு டாண்ணு திறக்கிறோம்" என்றார் அவர். "முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். ஒரு நாள் நேரம் தவறினதில்ல."

"நீங்க எழுந்திரிக்கக் கூடாதுண்ணே. உங்க வீட்டு அக்கா திறந்து வெச்சாப் போதும்" என்றாள் வெயிலக்கா.

"இவரு எங்க எழுந்திரிப்பாரு, ரெண்டு நிமிஷம் நின்னா மூணாவது நிமிஷம் விழுந்துடுவாரு" என்றார் அம்மா. "நான் பார்த்துக்கறேன், போங்க."

நாலு பதினைந்துக்கு எல்லாம் தயார். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். லைட்மேன் அண்ணன் கறுப்புத்துணியைக் கடைசியாக ஒரு தடவை இழுத்துவிட்டார். சவுண்டு தம்பி காதுக் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். டைரக்டர் நகத்தைக் கடித்தார். அவர் "ஆக்‌ஷன்" சொன்னார்.

நாலு இருபது. சுவரில் வெயில் வந்து உட்கார்ந்தது.

யாரும் வாயைத் திறக்கவில்லை, திறக்கக் கூடாது. ஆனால் வெயிலக்காவின் முதுகுக்குப் பின்னால் மொத்த யூனிட்டும் ஒன்றாக மூச்சு விட்டது கேட்டது. அவள் கேமராவில் கண்ணைப் பதித்தாள். முதல் நிமிஷம். இரண்டாவது. வெயில் மெல்லப் பெரியம்மாவின் பக்கம் நகர்ந்தது. லேசான அந்த நடுக்கமும் இருந்தது. போதும்டா சாமி, இதுக்குத்தான் இத்தனை பாடு என்று நினைத்தாள். மூன்றாவது நிமிஷம் முடியும்போது எதிரிலிருந்து "டொக், டொக்" என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. காற்றில் கதவு தடியைத் தட்டுகிறது. சவுண்டு தம்பியின் நெற்றி சுருங்கியது. உடனே சத்தம் நின்றது.

அதோடு நடுக்கமும் நின்றது. வெயில் ஆணியடித்த மாதிரி அப்படியே நின்றது.

அவளுக்கு ஏதோ இடறியது. கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் யோசித்தாள். தடி இருந்தால் ஆடும். ஆடவில்லை. அப்படியென்றால் கதவை யாரோ கையால் பிடித்திருக்கிறார்கள். எதிர்வீட்டம்மாவாக இருக்கும், அவராகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாவது நிமிஷத்தில் வெயில் மறுபடி நடுங்க ஆரம்பித்தது. இது காற்றின் நடுக்கமில்லை. நடுங்கி, நின்று, மறுபடி நடுங்கியது. கட்டிலில் பார்த்த அந்த மூச்சு எப்படிக் கயிறு கட்டி இழுத்ததோ அதே மாதிரி. வெயிலக்காவுக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை, தெரிந்துவிட்டது. இந்த அறையில் பத்துப் பேர் இருந்தாலும் இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். "கட்" சொல்கிற உரிமை டைரக்டருக்கு மட்டும்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. வெயில் பெரியம்மாவின் தோளில் ஏறியது. காது மடலுக்கு வந்தது. இன்னும் ஒரே நிமிஷம். முகம் திரும்பிவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் அண்ணே, ஒரே ஒரு நிமிஷம் என்று மனசுக்குள் கெஞ்சினாள். நின்றுகொண்டேதான் இருந்தாள்.

வெயில் சட்டென்று சரிந்து, சுவரின் குறுக்கே வழுக்கி, காணாமல் போனது.

கேமராவை அப்படியே விட்டுவிட்டு அவள் ஓடினாள். "அக்கா!" என்று யாரோ அடித்தொண்டையில் கூப்பிட்டார்கள். ஒருத்தரும் "கட்" சொல்லவில்லை. பெரியம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அவர் ஜன்னலுக்கடியில் தரையில் சரிந்து கிடந்தார். கைத்தடி ஒரு பக்கம், ஒரு செருப்பு ஒரு பக்கம். வெயிலக்காவுக்குப் பின்னாலேயே எதிர்வீட்டம்மா படியில் ஓடிவந்தார். "மேல்வீட்டுல தண்ணி மோட்டார் போட்டுட்டாங்க, சத்தம் வருமேன்னு அணைக்கச் சொல்லத்தான் போனேன்… கடவுளே, என்னங்க இது!" என்று அலறிக்கொண்டு, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் உதடு நீலமாக இருந்தது.

"ஜன்னலைத் திறங்கம்மா! முழுசாத் திறங்க!" என்று எதிர்வீட்டம்மா கத்தினார்.

வெயிலக்கா கதவைப் பிடித்தாள். அது பாதி சாத்தியிருந்தது. வெளியே தள்ளும்போது, எந்த இடத்தில் தடியின் பள்ளம் இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கதவு வந்தபோது, எதிரே அவளுடைய சொந்த ஜன்னலுக்குள் பளீரென்று வெளிச்சம் போனது. இங்கிருந்தே தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. இடையில் போன இரண்டு நிமிஷத்தில் சூரியன் தன் பாட்டுக்கு நகர்ந்திருந்தது. வெயில் இப்போது நேராகப் பெரியம்மாவின் முகத்தில் விழுந்திருந்தது. பெரியம்மா, எத்தனை படம் பார்த்தவர், சும்மா இருப்பாரா? மெல்ல முகத்தைத் திருப்ப ஆரம்பித்தார்.

"அக்கா!" டைரக்டர் ஜன்னல் ஓரத்தில் நின்று, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துக் கையை ஆட்டினார். அப்படியே பிடியுங்கள், அப்படியே, அப்படியே. லைட்மேன் அண்ணன் இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டினார்.

அவளும் பிடித்துக்கொண்டுதான் நின்றாள், பொய் சொல்வானேன். ஒரு மூச்சு நேரம். அவளுடைய மூச்சு ஒன்று. தரையில் கிடந்தவருக்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை.

பிறகு இரண்டு கையாலும் கதவை ஓங்கித் தள்ளினாள். அது முழுக்கத் திறந்து வெளிச்சுவரில் போய் மோதியது. கண்ணாடி அதிர்ந்தது. எதிர் ஜன்னல் இருட்டானது. தெருக் காற்று உள்ளே வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து டைரக்டரின் "ஐயோ" கேட்டது.

இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி ஜன்னல் பக்கமாகச் சாய்த்து உட்கார வைத்தார்கள். அம்மா மூச்சிழுக்கிற மருந்து டப்பாவை அவர் வாயில் வைத்து அழுத்தினார். ஒரு தடவை, இரண்டு தடவை. வெயிலக்கா ஒரு செய்தித்தாளை மடித்து விசிறினாள். கை வலித்தது. நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் உதட்டின் நீலம் இறங்கியது. கயிறு கட்டி இழுத்த மூச்சு தானாக வர ஆரம்பித்தது.

"தடி தட்டுச்சும்மா" என்றார் அவர், முதல் பேச்சாக. "சத்தம் கூடாதுன்னு அந்தத் தம்பி சொல்லியிருந்தாரே. அதான் தடியை எடுத்துட்டுக் கையால பிடிச்சேன். ஸ்டியரிங் பிடிச்ச கைதானேன்னு நெனச்சேன். கடைசில நடுங்கிடுச்சு. வெளிச்சம் கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே" என்றாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க வெளிச்சம் நடுங்கினப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வெயிலக்கா செய்தித்தாளைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுதுக்கா. ஒரு நிமிஷம் முன்னாடியே தெரிஞ்சுது."

அம்மா தரையில் கிடந்த செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தார்.

"படம் கிடைச்சுதா, அதைச் சொல்லுங்க" என்றார் அவர்.

"முக்கால்வாசி கிடைச்சுது. முகம் திரும்பற இடம் மட்டும் கிடைக்கல."

"எத்தனை நிமிஷம் குறையுது?"

"மூணு."

"மூணு நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸையும் யாரும் திட்ட மாட்டாங்கம்மா" என்றார். சிரிக்கப் பார்த்து இருமினார். "நாளைக்கு வாங்க. தடியில துணியைச் சுத்தி வெச்சுடலாம், தட்டாது."

"நாளைக்கு லைட் வண்டி வருதுண்ணே. எங்களுக்கு வேண்டியதை அவங்களே போட்டுக்குவாங்க." அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே லைட்மேன் அண்ணன் கறுப்புத்துணியை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்திருந்தார்.

அம்மா ஜன்னல் ஓரமாக வந்து நின்றார். முழுக்கத் திறந்து கிடந்த கதவை ஒரு தடவை பார்த்தார்.

"அப்ப இனிமே நாலு மணிக்கு இதைத் திறந்து வெச்சுக்கலாமா? இல்ல, இன்னும் ஏதாவது எடுக்கணுமா?"

"திறந்து வைங்கக்கா" என்றாள் வெயிலக்கா.